அந்தோணியார் கிடா போன வழி

போன மாதம் கைப்பேசியில் ஒரு மிக்ஸி ஜாருக்கு ஆர்டர் போட்டிருந்தேன். நாமக்கல் பக்கத்தில் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து கிளம்பி, அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர வேண்டும். வண்டி எங்கே வருகிறது என்று வரைபடம் காட்டுகிறார்களே, அதைத் திறந்து பார்த்தால் வண்டி பனமரத்துப்பட்டி ஏரிக்கு நட்டநடுவே நின்றுகொண்டிருந்தது. சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அங்கேயேதான். ஏரியில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, மிக்ஸி ஜாருக்கு அங்கே என்ன வேலை? மகள் எட்டிப் பார்த்து, "வண்டி முழுகிருச்சாம்மா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கில் கிடா வீச்சம் அடித்தது.

கிடா வீச்சம் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்ன சொல்வது? காயடிக்காத ஆட்டுக்கிடா தன் தாடியில் தானே மூத்திரம் பெய்துகொள்ளும். அதற்கு அதுதான் அத்தர். நனைந்த கோணிப்பையில் பழைய மோரைக் கொட்டி, வெயிலில் ஒரு வாரம் வைத்து மூடித் திறந்தால் ஏறக்குறைய அந்த வாசனை வரும். ஒரு முறை கையில் பட்டால் எந்த சோப்புக்கும் அசையாது. அந்தக் காலத்தில் நான் சாயங்காலம் டவுன் பஸ் ஏறினால், கூட்டம் இருக்கிற பஸ்ஸிலும் எனக்கு மட்டும் இரண்டு பேர் உட்காரும் சீட் தனியாகக் கிடைக்கும். அம்மா வாசலிலேயே வாளியில் தண்ணீரும் மாற்றுத் துணியும் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

நான் அப்போது ஆடுகளுக்குப் பின்னால் நடக்கிற வேலையில் இருந்தேன். கேலி இல்லை, உண்மையாகவே அதுதான் வேலை. பனமரத்துப்பட்டியிலிருந்து தெற்கே உள்ளடங்கி ஒரு கரடு இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரடு என்றால் மலை என்று சொல்ல முடியாத மலை, பாறையும் முள்ளுமாக மொட்டையாய்க் கிடக்கும். மலை இல்லாவிட்டாலும் காப்புக்காடு. அதற்குள் ஆடுகள் எவ்வளவு தூரம் போகின்றன, எங்கே நிற்கின்றன, எதைத் தின்கின்றன என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. ஆட்டின் கழுத்தில் பெல்ட் கட்டி, சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கருவியைத் தொங்கவிடுவார்கள். அது தான் நிற்கும் இடத்தை அவ்வப்போது வானத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். தின்பதை மட்டும் வானத்தால் பார்க்க முடியாதே, அதற்குத்தான் நான்.

வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த வருடத் தவக்காலத்தில்தான் அப்பா போயிருந்தார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன். ஆட்டுக்குப் பின்னால் போகிறவர்களை யாரும் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, அல்லது பிடிக்காமல் இல்லை.

அந்தக் கரட்டோரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மந்தை. மற்றவர்கள் எல்லாம் ஆட்டை விற்றுவிட்டு விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் போயிருந்தார்கள். மந்தைக்காரி ஜெயமேரி அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலையாக வடக்கே போயிருந்தார். ஒரு முறை போனால் ஊர் திரும்ப வருடக்கணக்காகும் வேலை அது. ஆடும் வீடும் அக்கா பொறுப்பு. நான் பேனாவும் அட்டையுமாகத் திரிந்ததால் முதல் நாளே என்னை டீச்சர் ஆக்கிவிட்டார். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

காலையில் பனி காய்கிறவரைக்கும் பட்டியைத் திறக்க மாட்டார். ஈரத்தழை தின்றால் ஆட்டுக்குக் கழியும். வெயில் ஏறியதும் திறந்தால், கருப்புக் கருப்பாக, கால் நீண்ட ஆடுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வரும். சேலம் கருப்பு என்பார்கள் அந்த இனத்தை. நிலத்தில் வெள்ளாமை நிற்கிற மாதங்களில் ஆட்டை வயல் பக்கம் திருப்ப முடியாது. சோளமும் கடலையும் அறுக்கும்வரை கரட்டு அடிவாரம்தான் சோறு. உசிலைத்தழை, கிளுவை, காரை, கீழே உதிர்ந்த வெள்வேலங்காய். வேலங்காய் உதிரும் பருவத்தில் ஆடுகள் மெல்லும் சத்தம் யாரோ அப்பளம் நொறுக்குவதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுப்பகலில் கல்லுடைத்த பழைய குழியில் தண்ணீர், அப்புறம் உசிலை நிழலில் அசை போடுவது, பொழுது சாயும்போது அதே தடத்தில் இறக்கம். மந்தை மேலே ஏறுவதே இல்லை. எனக்குத் தெரிந்து ஒரு நாளும் ஏறவில்லை. அடிவாரத்திலேயே வயிறு நிறைகிறபோது எதற்கு ஏற வேண்டும்?

ஏறியது கிடாதான்.

பெல்ட் கட்டுவதற்கு மந்தையில் முன்னால் போகிற ஆட்டைக் கொடுங்கள் என்று குழுவில் கேட்டார்கள். ஜெயமேரி அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காதில் சிலுவைக்குறி வெட்டியிருந்த ஒரு பெரிய கிடாவைப் பிடித்துக்கொடுத்தார். எல்லோருக்கும் திருப்தி. ஆளைப் பார்த்தால் தலைவன் மாதிரிதான் இருந்தது. பட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வருவதும் அதுதான்.

பிறகு ஒரு நாள் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் அதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"வேற ஆட்டுக்கு மாட்டுனா, யாவாரி பாய் வந்து புடிச்சுட்டுப் போயிட்டாருன்னா உங்க பெல்ட்டும் சேந்து போயிருமுங்க டீச்சர். இது எங்கயும் போவாது. இது அந்தோணியாருக்கு நேந்து உட்டது."

நியாயம்தான். மற்ற ஆடுகள் எந்தச் சந்தைக்கு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மட்டும்தான் எங்கே, எந்த நாளில் முடிவு என்பது நிச்சயம். அந்தோணியார் திருநாளன்று அறுத்து, கோயில் முன்னால் சமைத்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். அதுவரை அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, எங்கே மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் இது தெரியும். வேறு சாமி கும்பிடுகிறவர்கள்கூட அதன் காதைப் பார்த்துவிட்டு, கடலைக்கொடி நாலு போனால் போகட்டும் என்று திரும்பிக்கொள்வார்கள். ஆக, பயம் என்றால் என்ன என்றே தெரியாமல் வளர்ந்த கிடா. பட்டியிலிருந்து முதலில் வரும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது தனி ஆள். மந்தை அடிவாரத்தில் நிற்கும்போது அது பாட்டுக்கு உச்சி ஏறி, அந்தப் பக்கப் பள்ளத்தில் இறங்கி, வனத்துறை ஊற்றடியில் நட்டிருந்த சந்தனக் கன்றுகளை ருசி பார்த்துவிட்டுப் பொழுதோடு திரும்பும். ஒரு நாள் கருவி கோளாறாகி, கிடா இரவு முழுவதும் பனமரத்துப்பட்டி ஏரிக்குள் படுத்திருந்ததாகக் காட்டியது. அன்றைக்கு அது பட்டி வாசலில்தான் கிடந்தது.

என்னோடு அதற்கு நல்ல பழக்கம். நான் எலுமிச்சைச் சோறு கொண்டுபோனால் டப்பா திறக்கும் சத்தத்துக்கு உச்சியிலிருந்தும் இறங்கி வரும். ஒரு தடவை, அது அன்றைக்குத் தின்றதையெல்லாம் எழுதி வைத்திருந்த தாளையே அட்டையிலிருந்து உருவித் தின்றுவிட்டது. புதுத் தாள் எடுத்து, தீவனம் என்ற கட்டத்தில் "காகிதம்" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு எங்கள் குழுத் தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வருடத்தில் நான் செய்த ஒரே நகைச்சுவை அதுதான். அதுவும் யாரும் சிரிக்கவில்லை.

கரட்டைச் சுற்றி அகழி வெட்டப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. சட்டப்படி காப்புக்காட்டுக்குள் ஆடு நுழையக் கூடாது. ஆனால் அடிவாரத்தை மட்டும் காலகாலமாகக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். அகழியை அடிவாரத்துக்கு மேலே வெட்டினால் ஜெயமேரி அக்காவின் மந்தை பிழைக்கும். அடிவாரத்தோடு சேர்த்து வெட்டினால், வெள்ளாமை மாதங்களில் ஆடுகளுக்கு நிற்க இடமே இல்லை, விற்க வேண்டியதுதான். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும்முன் வனத்துறை ரேஞ்சர் எங்களையும் அக்காவையும் கூப்பிட்டுவிட்டார்.

ரேஞ்சர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் கிடா போன கோட்டைப் பார்த்துவிட்டு, "மந்தையே மேல போகுதா?" என்று கேட்டார். நான், "இல்லை சார், கிடா மட்டும்தான். மந்தை அடிவாரத்தோடு நின்றுவிடும்" என்றேன். எங்கள் தலைவரும் ஆமாம் என்றார். ரேஞ்சர் அதை ஒப்புக்கொண்டார்.

"அப்ப ஒண்ணும் சிக்கல் இல்லம்மா. ஒத்தைக் கெடாதானே? என் ஆடுதான், இனிமே கட்டிப் போட்டு மேய்க்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் மேல பேசி அகழியை ஏத்தி வெட்டச் சொல்றேன்."

ஜெயமேரி அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். பிறகு, "அது என்ற கெடா இல்லீங்க" என்றார்.

"உன் பட்டியிலதானே அடையுது?"

"ஆமாங்க. ஆனா அது அந்தோணியாருதுங்க."

பக்கத்தில் நின்ற வாட்சர்கள் சிரித்துவிட்டார்கள். ரேஞ்சருக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். "எனக்கும் குலசாமி இருக்கும்மா. இல்லேங்கல. ஆனா சந்தனக் கன்னைத் தின்னது யாரு ஆடுன்னு கேட்டா, நான் அந்தோணியார்னு எழுத முடியுமா? உன் ஆடுன்னு சொல்லு. திருநாள் வரைக்கும் கட்டிப் போடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"கட்டக் கூடாதுங்க. என்றதுன்னும் சொல்லக் கூடாதுங்க."

அவர் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். அக்கா அதே இரண்டு வரியைத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று சுவரில் மாட்டியிருந்த மான் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கிளையில் யாரோ சைக்கிள் சாவியைத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று யோசித்தேன்.

வெளியே வந்ததும் புளியமரத்தடியில் நிறுத்திக் கேட்டேன். "ஏங்க்கா, வாயால ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. விவரம் தெரியாத பிள்ளையிடம் பேசுவதுபோலத்தான் சொன்னார். முந்தின வருடம் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தபோது குழாய் சரிந்து மேலே விழுந்திருக்கிறது. ஊர் பெயர்கூட வாயில் நுழையாத ஓர் இடத்தில், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். போகக் கையில் வழியில்லை, பாஷையும் தெரியாது. அன்றைக்குப் பட்டிக்குள் போய், கைக்கு எட்டிய குட்டியைப் பிடித்து, காதை வெட்டி அந்தோணியாரிடம் கொடுத்துவிட்டார். ஆள் எழுந்து உட்கார்ந்தார். எழுந்தவர் வீட்டுக்கு வராமல் மறுபடியும் அதே வண்டியில் ஏறிவிட்டார்.

"அவரு இன்னும் அங்கதான் இருக்காருங்க டீச்சர். குடுத்ததை நானு என்றதுன்னு சொல்லி, அங்க அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அவருக்குத் தெரியுமா?"

"கெடா நேந்தது தெரியும். எதுக்குன்னு சொல்லல. சொன்னா சிரிப்பாருங்க."

நானும் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் அம்மா சாப்பிட மாட்டார். அப்பாவுக்காக நாங்கள் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. நேரம் இருக்கவில்லை. புளியமரத்தடியில் அதுதான் ஞாபகம் வந்தது. வந்த ஞாபகம் அழுகையாகவாவது மாறியிருக்கலாம், மாறவில்லை. "சரிங்க்கா" என்று மட்டும் சொன்னேன். பஸ் கிடைத்துவிட்டது.

தை பிறந்ததும் அடிவாரத்தோடு சேர்த்தே அகழி வெட்டினார்கள். மஞ்சள் இயந்திரம் வந்து, ஆடுகள் இறங்கும் தடத்தைக் குறுக்கே ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டு போனது. அறுவடை முடிந்த நிலங்களில் கொஞ்ச நாள் ஓட்டினார் அக்கா. அடுத்த விதைப்பு வரை தாங்காது என்று தெரிந்ததும், சேலத்திலிருந்து ரசாக் பாயை வரச் சொன்னார். பல வருடமாக அக்காவிடம் ஆடு பிடிக்கிற வியாபாரி அவர். மினி லாரியைப் பட்டி வாசலோடு ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு ஏற்றினார்கள். ஆடுகள் வழக்கமாக வெளியே வருகிற மாதிரியே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு லாரிக்குள் போயின. கிடாவும் கூட்டத்தோடு பலகையில் கால் வைத்தது. பாய் அதன் காதைத் தடவிப் பார்த்துவிட்டு, கொம்பைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

"இது நேந்துக்கிட்டதும்மா. இது எனக்கு வேணாம்."

லாரி போன பிறகு அக்கா பட்டியைக் கூட்டினார். நான் விளக்குமாற்றை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படி ஒன்றும் இல்லாததால். பெல்ட் அதற்குப் பிறகும் கிடாவின் கழுத்தில் இருந்தது. திட்டம் முடிகிறவரை கழற்ற வேண்டாம் என்று விட்டிருந்தோம். அந்த மாதங்களின் வரைபடத்தைப் பார்த்தபோது கோடு என்று ஒன்று இல்லவே இல்லை. வீட்டு வாசலில் ஒரே ஒரு கரும்புள்ளி. மந்தை இருந்தவரை மந்தையோடு சேராமல் தனியாகத் திரிந்த கிடா, மந்தை போன பிறகு எங்கேயும் போகவில்லை. யாரும் அதைக் கட்டவில்லை. அகழிக்கு அந்தப் பக்கம் சந்தனக் கன்றுகள் அவைபாட்டுக்குத் துளிர்த்தன.

திருநாளுக்கு முந்தின வாரம் அக்காவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். முதுகில் ஒரு தழும்பு, மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். இனி ரிக்குக்குப் போவதில்லை, ஊரோடு இருந்துகொள்கிறேன் என்றார். கோயில் முன்னால் பெரிய அண்டாவில் கிடா வெந்தது. ரேஞ்சரைத் தவிர வாட்சர்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். எனக்கும் இலை போட்டார்கள். கறி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், இருந்திருக்கும். வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "ஏன் சாமி, ஆடெல்லாம் ஏன் வித்துப்போட்டே?" என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

அக்கா அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார். "மேய்க்க அலுத்துப்போச்சுங்க."

அதற்குப் பிறகு நான் கல்யாணமாகி, வேறு வேலைக்குப் போய், ஆட்டுக்கறிகூட வீட்டில் எடுப்பதை விட்டுவிட்டேன். மிக்ஸி ஜார் ஒருவழியாக வந்து சேர்ந்த வாரம், ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வழியில் இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அகழி பாதி தூர்ந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிப்போய், நாங்கள் நடந்த தடம் எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. பட்டி இருந்த இடத்தில் டீக்கடை. அக்காவும் வீட்டுக்காரரும்தான் நடத்துகிறார்கள். வீட்டுக்காரர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"கெடாவுக்குப் பெல்ட்டு மாட்டுன டீச்சர்தானுங்க?"

உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பேச்சு திருநாள் பக்கம் போனது. இப்போது கிடா யாரும் நேர்வதில்லையாம். நேர்ந்தாலும், அன்றைக்குக் காலையில் பிராய்லர் கோழி வாங்கி, கோயிலுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அறுத்துவிடுகிறார்களாம்.

"ஆடு இருந்தாத்தானுங்களே நேர. எல்லாம் இவளால வந்தது. நானு வாரவரைக்கும் ஒரு நாலு மாசம் பொறுத்திருந்தான்னா இன்னைக்கு இந்த கிளாஸைக் கழுவிட்டு இருக்க மாட்டா. மேய்க்க அலுத்துப்போச்சாமா. கேட்டீங்களா கதையை?" கோபமாகச் சொல்லவில்லை. பல வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அது.

ஜெயமேரி அக்கா கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், அவரை இல்லை.

"ஆமாங்க," என்றேன் நான். "அக்கா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

அக்கா தலையைக் குனிந்து அடுத்த கிளாஸை எடுத்தார். வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மந்தையில் இருந்த ஆடுகளை விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். "கோணக்கொம்பி ஒண்ணு. அப்பறம் அந்த நொண்டிக்காரி. அதும் மக ஒண்ணு, நெத்தியில வெள்ளைப் பொட்டு இருக்குமே, அதும் பேரு என்ன சாமி?"

"மறந்துபோச்சுங்க," என்றார் அக்கா.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் மறந்துவிட்டது.